சாலையைத் தோண்டும் முன்: இங்கிலாந்தின் பெர்மிட் முறைக்குப் புதியவர்களுக்கு

லண்டனிலோ லெஸ்டரிலோ நடைபாதை ஓரம் ஒரு பள்ளத்தைப் பார்த்தால், சுற்றி நிற்கும் சிவப்பு வெள்ளைத் தடுப்புகளில் ஒரு பலகை மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தோண்டும் நிறுவனத்தின் பெயர், அழைக்க வேண்டிய தொலைபேசி எண், அதன்கீழ் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான குறியீடு இருக்கும். அந்தக் குறியீடுதான் பெர்மிட் எண். பள்ளம் என்றைக்குத் தொடங்கி என்றைக்கு மூடப்பட வேண்டும், சாலையில் எவ்வளவு அகலத்தை எடுத்துக்கொள்ளலாம், காலையில் எத்தனை மணிக்கு முன்னால் வேலை தொடங்கக்கூடாது என்பதெல்லாம் அந்த எண்ணின்கீழ் பதிவாகியிருக்கிறது.

ஒரு கவுன்சிலின், அதாவது உள்ளாட்சி மன்றத்தின், பெர்மிட் மேசையில் சில ஆண்டுகள் வேலை செய்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். கவுன்சிலில் தெருப்பணி ஒருங்கிணைப்பாளராகப் புதிதாகச் சேர்ந்தவர்களையும், ஒப்பந்ததாரர் அலுவலகத்தில் பெர்மிட் விண்ணப்பம் போடும் வேலைக்கு வந்தவர்களையும் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கத்திலும் இப்போது நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கடைக்காரர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் தேவையானது பின்பகுதியில் வரும்.

'அனுமதி' என்ற சொல் ஏமாற்றும்

அனுமதி என்றதும், அதிகாரி மனம் வைத்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் கிடைக்காது என்றுதான் நம் காதில் விழும். இங்கே அப்படியில்லை. தண்ணீர், எரிவாயு, மின்சாரம், தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குத் தெருவைத் தோண்டிக் குழாயும் கேபிளும் போடும் உரிமையைச் சட்டமே கொடுத்திருக்கிறது. "தோண்டவே கூடாது" என்று சொல்ல கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை. இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் வாருங்கள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வேண்டாம். சாலையை முழுதாக அடைக்காமல் பாதியில் வேலை செய்யுங்கள் என்று சொல்ல அதிகாரம் உண்டு.

கல்யாண மண்டபம் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் நடக்கலாமா கூடாதா என்று மண்டப மேலாளர் தீர்மானிப்பதில்லை. ஒரே முகூர்த்தத்தில் இரண்டு வீட்டார் வந்து நிற்காமல் பார்த்துக்கொள்வார், எப்போது சாவி, எப்போது காலி செய்ய வேண்டும், எதை உடைத்தால் யார் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொள்வார். பெர்மிட் என்பதும் சாலையின் இடத்தையும் நேரத்தையும் முன்பதிவு செய்வதுதான். இது மனதில் பதிந்துவிட்டால் மற்ற விதிகள் எல்லாம் தாமாகவே புரியும்.

இந்த முறை ஒரே நாளில் வந்துவிடவில்லை. தெருவைத் தோண்டுவது பற்றிய 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆராய்ந்து 1985இல் பேராசிரியர் ஹார்ன் கொடுத்த அறிக்கையை ஒட்டி, 1991இல் புதிய சாலைகள், தெருப்பணிகள் சட்டம் வந்தது. தோண்டுபவர் முன்கூட்டி அறிவிக்க வேண்டும், கவுன்சில் ஒருங்கிணைக்க வேண்டும் என்று அது சொன்னது. ஆனால் அறிவிப்பு வெறும் அறிவிப்பாகவே இருந்தது. "திங்கட்கிழமை வருகிறோம்" என்று தாள் வரும், திங்கட்கிழமை வந்துவிடுவார்கள். 2004ஆம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டம்தான் அதை மாற்றியது. அறிவித்தால் போதாது, பதில் வாங்கிய பிறகே தொடங்க வேண்டும் என்ற பெர்மிட் திட்டத்துக்கு அதன் மூன்றாம் பகுதி வழி வைத்தது. லண்டனிலும் கென்டிலும் 2010 ஜனவரியில் முதல் திட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. 2015 வரை ஒவ்வொரு கவுன்சிலும் மத்திய அரசின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. அதன்பின் தாங்களே திட்டத்தைக் கொண்டுவரலாம் என்றானதும் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தின் ஏற்பாடு வேறு. இங்கே சொல்வதை அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

படி 1: சாலை யாருடையது?

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். டூட்டிங் ஹை ஸ்ட்ரீட் வாண்ட்ஸ்வொர்த் பரோவுக்குள் இருக்கிறது. அதனால் வாண்ட்ஸ்வொர்த் கவுன்சிலிடம் கேட்க வேண்டும் என்று நினைப்போம். ஆனால் அது ஏ24 சாலை, சிவப்புக் கோடு போட்ட தடம். பொறுப்பு லண்டனின் போக்குவரத்து அமைப்பான டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டனுடையது. பக்கத்துச் சந்துக்குள் திரும்பினால் கவுன்சில். ஒரே மூலையில் பள்ளம் இரண்டு பக்கமும் நீண்டால் இரண்டு பெர்மிட் வேண்டும்.

லண்டனுக்கு வெளியே, மாவட்டக் கவுன்சில் மேலே கவுன்டி கவுன்சில் என்று இரண்டு அடுக்கு உள்ள ஊர்களில் சாலை கவுன்டியின் கையில் இருக்கும். குப்பை எடுக்கும் மாவட்டக் கவுன்சிலிடம் போய்ச் சாலையைக் கேட்டால் பதில் கிடைக்காது. மோட்டார்வேயும் பெரிய தேசியத் தடங்களும் நேஷனல் ஹைவேஸிடம்.

ஒவ்வொரு தெருவுக்கும் யூ.எஸ்.ஆர்.என். என்ற தனி எண் உண்டு. அந்த எண்ணை வைத்து தேசியத் தெரு அகராதியில் தேடினால் நான்கு விஷயங்கள் தெரியும்: பொறுப்பாளர் யார், போக்குவரத்துச் சுமையின்படி தெருவின் வகை 0 முதல் 4 வரை எது, எந்த நேரங்களில் அது 'டிராஃபிக்-சென்சிடிவ்' (தோண்டினால் நெரிசல் அதிகமாகும் தெரு), பாலம், ரயில் கடவு, சுரங்கம் போன்ற சிறப்புப் பொறியியல் சிக்கல் எதுவும் உண்டா. நான்காவதைப் பார்க்காமல் விண்ணப்பம் போட்டு, ரயில் பாதை உரிமையாளரின் சம்மதம் இல்லாததால் வாரக்கணக்கில் தள்ளிப்போன வேலைகளை நான் பார்த்திருக்கிறேன்.

படி 2: வேலை எந்த வகை?

நாட்களை எண்ணுவதற்கு முன் ஒரு விதி. இங்கே 'வேலை நாள்' என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை, பொது விடுமுறை நீங்கலாக, காலை 8 முதல் மாலை 4.30 வரை. 4.31க்கு அனுப்பியது மறுநாள் அனுப்பியதாகத்தான் கணக்கு. ஈஸ்டர் வாரத்தில் இதை மறந்தவர்கள் ஒரு வாரத்தையே இழப்பார்கள்.

மூன்று நாளோ அதற்குக் குறைவோ என்றால் 'மைனர்'. தொடங்குவதற்கு 3 வேலை நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும். கவுன்சில் 2 வேலை நாளில் பதில் சொல்ல வேண்டும். நான்கு முதல் பத்து நாள் வரை 'ஸ்டாண்டர்ட்': 10 வேலை நாள் முன்பு விண்ணப்பம், 5 வேலை நாளில் பதில். பத்து நாளைத் தாண்டினாலோ, நாள் எத்தனையானாலும் சாலையை அடைக்கத் தற்காலிகப் போக்குவரத்து ஆணை தேவைப்பட்டாலோ அது 'மேஜர்'. இதற்கு மூன்று மாதம் முன்பே முன்-ஒப்புதல் கேட்க வேண்டும், கவுன்சிலுக்கு அதற்குப் பதில் சொல்ல ஒரு மாதம். பிறகு 10 வேலை நாள் முன்பு முழு விண்ணப்பம். ஒரே ஒரு நாள் சாலையை மூடினாலும் மேஜர்தான் என்பதைப் பலர் நம்பவே மாட்டார்கள். மூடுவதற்கான ஆணையை முன்கூட்டி விளம்பரப்படுத்த வேண்டும், பேருந்துகளைத் திருப்ப வேண்டும். மூன்று மாதம் கேட்பது அதற்காகத்தான்.

நான்காவது வகை 'இமீடியட்'. எரிவாயு கசிகிறது, தண்ணீர்க் குழாய் வெடித்து வீட்டுக்குள் நீர் புகுகிறது, ஒரு தெருவுக்கே மின்சாரம் போய்விட்டது. இங்கே யாரும் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. முதலில் தோண்டலாம்; தொடங்கிய 2 மணி நேரத்துக்குள் விண்ணப்பம் வந்துவிட வேண்டும். இரவிலோ வார இறுதியிலோ தொடங்கினால் அடுத்த வேலை நாள் காலை 10 மணிக்குள். சில முக்கியத் தெருக்களுக்கு மட்டும், தோண்டும் முன் தொலைபேசியில் சொல்லுங்கள் என்று அகராதியிலேயே குறித்திருக்கும்.

வழக்கமான வேலையை 'அவசரம்' என்று போட்டுத் தப்பிக்கும் பழக்கம் உண்டு. ஒப்பந்ததாரர் பக்கம் இருப்பவர்களுக்கு மனப்பூர்வமாகச் சொல்கிறேன், அதைச் செய்யாதீர்கள். கசிவு எப்போது புகாரானது என்ற தேதி உங்கள் நிறுவனத்தின் பதிவிலேயே இருக்கும். ஆறு நாளாகச் சும்மா இருந்த கசிவு ஏழாம் நாள் எப்படி அவசரமானது என்று கவுன்சில் கேட்கும். அதைவிட, உங்கள் பெயரில் அடுத்து வரும் உண்மையான அவசரத்தையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குவார்கள்.

படி 3: விண்ணப்பத்தை எழுதுவது

2020 ஜூலையிலிருந்து இங்கிலாந்து முழுவதும் இதெல்லாம் 'ஸ்ட்ரீட் மேனேஜர்' என்ற அரசின் ஒரே இணையத்தளத்தில் நடக்கிறது. கட்டங்களை நிரப்புவது கடினமில்லை. இடத்தை நேரில் பார்த்தவர் எழுதிய விண்ணப்பத்தையும் மேசையில் உட்கார்ந்தே எழுதிய விண்ணப்பத்தையும் முதல் வரியிலேயே பிரித்துவிடலாம்.

"கடை எண் 40க்கு எதிரே, நடைபாதையில் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலப் பள்ளம், பேருந்து நிறுத்தத்துக்கு 15 மீட்டர் தள்ளி, பாதசாரிகளுக்குச் சாலைப் பக்கம் 1.5 மீட்டர் தடுப்பிட்ட வழி." இப்படி எழுதினால் கேள்வி கேட்க எதுவும் மிஞ்சாது. "தெருவில் பழுது பார்த்தல், 3 நாள்" என்று எழுதினால் கேள்வி மேல் கேள்வி வரும். மூன்று நாள் அவகாசத்தில் இரண்டு நாள் கேள்விக்கே போய்விடும்.

விண்ணப்பத்தின் உயிர், போக்குவரத்தை எப்படிச் சமாளிக்கப் போகிறீர்கள் என்ற பகுதி. சாலைக்கே வராமல் நடைபாதைக்குள் முடிக்கலாம். ஒரு பக்கம் குறுகினாலும் வண்டிகள் தாமே பார்த்து வழிவிட்டுப் போகும்படி விடலாம். 'ஸ்டாப்-கோ' பலகையோடு ஆள் நிறுத்தலாம். தற்காலிக சிக்னல் வைக்கலாம். ஒரு தடத்தை மூடலாம், இல்லையென்றால் முழுச் சாலையையும் மூடலாம். இதில் எதை எப்போது செய்யலாம் என்பது 'ரெட் புக்' என்று எல்லோரும் சொல்லும் பாதுகாப்பு நெறிமுறையில் இருக்கிறது. தாமே வழிவிட்டுப் போகும் முறைக்கு, வேகம் மணிக்கு 30 மைலுக்குள் இருக்க வேண்டும், தடுத்த நீளம் 50 மீட்டரைத் தாண்டக்கூடாது, இரண்டு பக்கமும் சேர்த்து 3 நிமிடத்தில் 20 வண்டிக்கும் குறைவாகப் போக வேண்டும், கனரக வண்டிகள் மணிக்கு இருபதுக்குக் கீழே. இந்த 3 நிமிட எண்ணிக்கையை யாரும் கைக்கடிகாரத்தை வைத்து எடுத்துவிடலாம். ஆனால் எத்தனை பேர் எடுக்கிறார்கள்? கூகுள் படத்தைப் பார்த்துத் தெரு அமைதியாக இருக்கிறதென்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் படம் ஞாயிற்றுக்கிழமை எடுத்ததாக இருக்கலாம்.

பாதசாரிகளை மறக்காதீர்கள். தற்காலிக நடைவழிக்கு 1.5 மீட்டர் அகலம் வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில்தான் 1 மீட்டர். சக்கர நாற்காலியில் வருபவரையும் குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவருபவரையும் மனதில் வைத்து அளந்து பாருங்கள். நடைபாதைக் கல்லிலிருந்து சாலைக்கு இறங்கும் இடத்தில் சரிவுப் பலகை வேண்டும் என்று நான் கேட்காத விண்ணப்பமே கிடையாது. பார்வையற்ற ஒருவர் கையில் கோலோடு அந்த விளிம்பைத் தட்டிப் பார்த்தபடி நின்றதை ஒரு நாள் பார்த்ததிலிருந்து இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

படி 4: மேசையின் மறுபக்கம் என்ன நடக்கிறது

விண்ணப்பம் வந்ததும் ஒருங்கிணைப்பாளர் முதலில் திறப்பது வரைபடத்தைத்தான். அதே தெருவில் அதே தேதியில் வேறு யாராவது இருக்கிறார்களா? இதைவிட முக்கியம், பக்கத்துத் தெருவை மூடி வண்டிகளை இந்தத் தெரு வழியாகத் திருப்பியிருக்கிறார்களா? பேருந்துத் தடம் எது, பள்ளி எங்கே, சந்தை எந்தக் கிழமை, தேர்தல் நாள் எப்போது? கோயில் தேர் ஊர்வலம் போகும் தெருக்களில் அந்த வாரம் யாரையும் தோண்ட விடாமல் காக்கும் கவுன்சில்களும் உண்டு. விழாக்குழு முன்கூட்டிச் சொல்லியிருந்தால்தான் அது நடக்கும்.

அடுத்தது, சாலை புதிதாகப் போடப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பெரிய அளவில் தார் போட்ட சாலைக்கு 1991 சட்டத்தின் 58ஆம் பிரிவின்கீழ் கவுன்சில் தடைக்காலம் அறிவிக்கலாம். வேலையின் அளவைப் பொறுத்து அது ஐந்து ஆண்டு வரை போகும். அவசர வேலைக்கு இந்தத் தடை இல்லை. தடையை அறிவிப்பதற்கு முன்பு எல்லா நிறுவனங்களுக்கும் மூன்று மாதத்துக்குக் குறையாமல் தகவல் கொடுத்து, "போட வேண்டியதை இப்போதே போட்டுவிடுங்கள்" என்று சொல்லியாக வேண்டும். நேற்றுப் போட்ட சாலையை இன்று ஏன் உடைக்கிறார்கள் என்று நம் வீடுகளில் அலுத்துக்கொள்ளும் கேள்விக்குச் சட்டம் வைத்திருக்கும் பதில் இது.

கடைசியாக, சேர்த்துச் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். தண்ணீர்க்காரர் மார்ச்சில், எரிவாயுக்காரர் மே மாதத்தில் அதே நடைபாதை என்றால், இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஒரே பள்ளத்தில் முடிக்க முடியுமா என்று கேட்பது இந்த வேலையின் மிக நல்ல பகுதி. எப்போதும் நடக்காது. நடந்த நாளில் அந்தத் தெருக்காரர்கள் ஒரு முழுச் சாலை மூடலிலிருந்து தப்பியிருப்பார்கள். அது அவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

பதில் மூன்று வகை. கொடுப்பது, மறுப்பது, திருத்திக்கொண்டு வரச் சொல்வது. மறுத்தால் காரணம் எழுத வேண்டும். "எனக்குச் சரிப்படவில்லை" என்பது காரணம் ஆகாது. நான்காவதாக யாரும் விரும்பாத ஒன்று இருக்கிறது: கெடு முடியும்வரை பதிலே சொல்லாமல் இருந்துவிட்டால், கேட்டபடியே பெர்மிட் கிடைத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்போது கவுன்சில் கட்டணமும் வாங்க முடியாது.

நான் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் இது எனக்கு நடந்தது. செவ்வாய் மதியம் ஒரு மைனர் விண்ணப்பம் வந்தது, பேருந்துத் தெருவில் இரு வழி சிக்னல். சந்தேகமாக இருந்ததால் நிதானமாகக் கேட்கலாம் என்று தள்ளிவைத்தேன். இடையில் ஒரு பெரிய சாலை மூடல் வந்து என் நேரத்தை எல்லாம் எடுத்துக்கொண்டது. வெள்ளி காலை திறந்து பார்த்தால் கெடு வியாழனோடு முடிந்திருந்தது. திங்கட்கிழமை இணைத்தெருவில் தார் போடும் வேலை, அதற்கான மாற்றுப்பாதை இந்தப் பேருந்துத் தெரு. இரண்டு பக்கமும் வண்டிகள் அடைத்துக்கொண்டன. மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஒரு அம்மா பேருந்திலிருந்து இறங்கி மழையில் நடந்தே போனதாக ஓட்டுநர் சொன்னார். அன்றிலிருந்து, காலையில் பட்டியலைத் திறந்ததும் முக்கியமான விண்ணப்பம் எது என்று நான் பார்ப்பதில்லை. எதன் கெடு முதலில் முடிகிறது என்று பார்க்கிறேன். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

படி 5: நிபந்தனைகள்

ஒவ்வொரு கவுன்சிலும் தன் இஷ்டத்துக்கு எழுதினால் குழப்பம் என்பதால், நிபந்தனைகளுக்கு நாடு முழுவதற்கும் ஒரே வாசகம் இருக்கிறது, என்.சி.டி. என்று தொடங்கும் எண்களோடு வரும். எந்த நேரத்தில் வேலை செய்யலாம் என்பது ஒன்று. தோண்டிய மண்ணையும் சாமான்களையும் இடத்திலிருந்து அகற்றுவது, வண்டிகளுக்கும் பாதசாரிகளுக்கும் எவ்வளவு அகலம் விட வேண்டும், நெரிசல் நேரத்தில் சிக்னலை ஆள் நின்று கையால் இயக்க வேண்டுமா, வேலை முடிந்ததும் சிக்னலை எப்போது எடுக்க வேண்டும் என்று தொடர்கிறது. 11ஏ, பெர்மிட் எண்ணைப் பலகையில் காட்டுவது. 11பி, அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டித் தெரிவிப்பது.

கையால் இயக்கும் நிபந்தனையைப் பற்றி ஒரு வார்த்தை. காசு அதிகம் என்று ஒப்பந்ததாரர்கள் இதைக் கடுமையாக எதிர்ப்பார்கள். எல்லா இடத்துக்கும் கேட்பது நியாயமில்லை என்று நானும் நினைக்கிறேன். ஆனால் காலை எட்டரை மணிக்கு, ஒரு பக்கம் நாற்பது வண்டி நிற்க, மறுபக்கம் வண்டியே இல்லாமல் பச்சை எரிந்துகொண்டிருக்கும் தற்காலிக சிக்னலைப் பார்த்தவர்களுக்கு, அந்த ஒரு ஆளின் கூலி எவ்வளவு மலிவு என்று புரியும்.

படி 6: பணம்

கட்டணத்துக்கு உச்சவரம்பை விதிமுறையே வைத்திருக்கிறது. பெரிய அல்லது நெரிசல் தெருக்களில் நீண்ட மேஜர் வேலைக்கு 240 பவுண்டு, ஸ்டாண்டர்டுக்கு 130, மைனருக்கு 65, அவசரத்துக்கு 60. அமைதியான தெருக்களில் அதே வரிசையில் 150, 75, 45, 40. மேஜருக்கான முன்-ஒப்புதலுக்குத் தனியாக 105 அல்லது 75. இடையில் மாற்றம் கேட்டால் 45 அல்லது 35. பெர்மிட் முறையை நடத்தும் செலவை ஈடுகட்டத்தான் இந்தப் பணம். கவுன்சில் இதில் லாபம் பார்க்கக்கூடாது. கவுன்சிலின் சொந்தச் சாலை வேலைக்கும் பெர்மிட் வேண்டும், கட்டணம் மட்டும் கிடையாது.

பெர்மிட் இல்லாமல் தோண்டுவது குற்றம். அதற்கு 2007ஆம் ஆண்டு விதிமுறை வைத்த தண்டம் 500 பவுண்டு, நிபந்தனையை மீறினால் 120 பவுண்டு. இந்தத் தொகைகள் யாரையும் பயமுறுத்தவில்லை என்பதால் இரட்டிப்பாக்கப்போவதாக 2024 நவம்பரில் அரசு அறிவித்தது. விண்ணப்பம் போடும் நாளில் நடைமுறையில் உள்ள தொகையை உங்கள் கவுன்சிலின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது காலதாமதக் கட்டணம், புதிய சாலைகள், தெருப்பணிகள் சட்டத்தின் 74ஆம் பிரிவு. மண்டபத்தைக் குறித்த நேரத்தில் காலி செய்யாவிட்டால் என்ன ஆகும்? மிக நெரிசலான முக்கியத் தடத்தில் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 பவுண்டு வரை, அதன்பின் 10,000 வரை. அமைதியான குடியிருப்புத் தெருவில் நாளுக்கு 250. பள்ளத்தை மூடியும் தடுப்புகளை எடுக்காமல் விட்டுப்போனாலும் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நான் பார்த்த தாமதங்களில் பல அப்படி வந்தவை: வேலை முடிந்திருக்கும், ஆனால் தடுப்பை எடுக்க வரும் லாரி வேறு ஊரில் இருக்கும்.

சில இடங்களில் இதற்கும் மேல் சாலை வாடகை உண்டு. லண்டனின் பெருந்தடங்களில் 2012 முதல், கென்டில் அடுத்த ஆண்டிலிருந்து, நெரிசல் நேரத்தில் தடத்தை எடுத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 2,500 பவுண்டு வரை. இரவில் வேலை செய்தால் அதைத் தவிர்க்கலாம் என்பதுதான் அதன் நோக்கம்.

படி 7: தொடங்கிய பிறகு

தொடங்கியதையும் முடித்ததையும் ஸ்ட்ரீட் மேனேஜரில் உடனுக்குடன் பதிய வேண்டும். பள்ளத்துக்குள் எதிர்பாராத பழைய கேபிள் தென்பட்டு வேலை இழுத்தால், மாற்றம் கேளுங்கள். இரண்டு வேலை நாள், அல்லது மொத்த நாளில் ஐந்தில் ஒரு பங்கு, இவற்றில் எது அதிகமோ அதைவிடக் கூடுதல் நாள் மீதி இருந்தால் தளத்திலேயே கேட்டுவிடலாம். அதைவிடக் குறைவாக மிஞ்சியிருந்தால் முதலில் கவுன்சிலைத் தொலைபேசியில் அழைத்துப் பேச வேண்டும். கடைசி நாள் மாலை நான்கு மணிக்கு அழைப்பவரிடம் எவ்வளவு இரக்கம் காட்ட முடியும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மூடும் பொறுப்பு தோண்டியவருடையது. சென்னையில் 'ரோடு கட்' அனுமதிக்குச் சீரமைப்புக் கட்டணத்தை மாநகராட்சியிடம் கட்டிப் பழகியவர்கள் இதைக் கவனியுங்கள். இங்கே அடுக்கடுக்காக மண்ணை இறுக்கி, குறித்த தார்க்கலவையைப் போட்டு, சாலை மட்டத்துக்குக் கொண்டுவருவது தோண்டிய நிறுவனத்தின் வேலை. தற்காலிகமாக மூடினால் ஆறு மாதத்துக்குள் நிரந்தரமாக்க வேண்டும். நிரந்தரமாக்கிய பின் இரண்டு ஆண்டு உத்தரவாதம், ஆழமான பள்ளத்துக்கு மூன்று. கவுன்சில் ஆய்வாளர்கள் வேலை நடக்கும்போது ஒரு முறை, மூடிய ஆறு மாதத்துக்குள் ஒரு முறை, உத்தரவாதம் முடியும் முன் கடைசி மூன்று மாதத்தில் ஒரு முறை என மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். தாரைக் குழாய் வடிவில் வெட்டி எடுத்து இறுக்கம் சரியா என்றும் சோதிப்பார்கள்.

கடைக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும்

உங்கள் கடை வாசலில் தடுப்பு வந்து நின்றால், முதலில் பலகையைப் படம் எடுங்கள். பிறகு 'ஒன்.நெட்வொர்க்' தளத்தின் வரைபடத்தில் உங்கள் தெருவைத் தேடுங்கள். யார், எத்தனை நாள், எப்படிப்பட்ட தடுப்பு என்று காட்டும். கவுன்சிலுக்கு எழுதும்போது "பத்து நாளாகத் தொல்லை" என்று எழுதாமல், "இந்த எண் பெர்மிட், நேற்றோடு முடிந்தது, இன்னும் தடுப்பு நிற்கிறது, படம் இணைத்திருக்கிறேன்" என்று எழுதுங்கள். அப்படி வரும் மின்னஞ்சலை வைத்துக்கொண்டு ஆய்வாளரை அன்றே அனுப்ப முடியும். பலகையே இல்லையென்றால் அதுவே ஒரு மீறல், அதையும் சொல்லுங்கள்.

வியாபார நஷ்டத்துக்குக் கவுன்சிலிடம் பெர்மிட் வழியாக ஈடு கிடைக்காது. ஆனால் தண்ணீர், கழிவுநீர்க் குழாய் வேலையால் வந்த இழப்புக்கு அந்த நிறுவனத்திடம் ஈடு கேட்க 1991ஆம் ஆண்டு தண்ணீர்த் தொழில் சட்டத்தின் 12ஆம் அட்டவணை இடம் தருகிறது. எரிவாயு வேலையால் பாதிக்கப்படும் சிறு வணிகர்களுக்கு 1996ஆம் ஆண்டு விதிமுறை தனியாக உண்டு. அதனால் வேலை தொடங்கும் நாளிலிருந்தே அன்றாட விற்பனைக் கணக்கையும் சென்ற ஆண்டு இதே வாரத்தின் கணக்கையும் எடுத்து வையுங்கள். நிறுவனம் கேட்கும் முதல் தாள் அதுதான்.

நீங்களே சாலையைத் தொட வேண்டியிருந்தால் உங்களுக்கும் உரிமம் வேண்டும். வீட்டு வேலைக்குக் குப்பைத் தொட்டி, அதாவது ஸ்கிப், சாலையில் வைத்தால் 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 139ஆம் பிரிவு. இரவில் அதில் விளக்கு எரிய வேண்டும். சாரம் கட்டினால் 169. காரை வீட்டு முன்றிலில் நிறுத்த நடைபாதையைத் தாழ்த்த 184. தெருவுக்கு அடியில் உங்கள் சொந்தக் கழிவுநீர்க் குழாயை இணைக்க, 1991 புதிய சாலைகள், தெருப்பணிகள் சட்டத்தின் 50ஆம் பிரிவு உரிமம். இந்தக் கடைசி ஒன்று வாங்கியவர் மேலே சொன்ன நிறுவனங்களின் இடத்துக்கு வந்துவிடுகிறார்: பெர்மிட், தகுதிச் சான்று பெற்ற தொழிலாளர்கள், தாமதக் கட்டணம், இரண்டு ஆண்டு உத்தரவாதம் எல்லாம் அவர் தலையில். கொத்தனார் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால், உரிமம் யார் பெயரில் எடுக்கப்படுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளத்தை நிரந்தரமாக மூடிய அன்று படம் எடுத்து, அந்தத் தேதியை எழுதி வையுங்கள். இருபத்தொன்றாம் மாதத்தில், ஒரு நல்ல மழைக்குப் பிறகு, போய்ப் பாருங்கள். ஒட்டுப்போட்ட இடத்தில் தண்ணீர் தேங்கி நின்றால், உத்தரவாதம் முடிவதற்குள் சரிசெய்ய உங்களுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.